துவைக்கிற கல்லை முதலில் நகர்த்துங்கள்

கேள்வி: நாங்கள் செங்கோட்டையை அடுத்து புளியரைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 40-க்கு 30 அடி புறவாசல். ஒரு கிணறு, ஒரு மாமரம், இரண்டு தென்னை, சுவரை ஒட்டித் துவைக்கிற கல், மேற்கே மாமியார் பூஜைக்காக வைத்த அரளி வரிசை. மற்றபடி வெறும் மண்தான்; மழை பெய்தால் சேறு. சுற்றுச்சுவர் நாலரை அடி. கொச்சியில் வேலை பார்க்கும் மகன் ஒன்றரை லட்சம் தருகிறேன், அழகாகச் செய்துவிடுங்கள் என்கிறான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, புல்தரை, வெள்ளைக் கூழாங்கல், சின்ன மீன் குளம், தரையோடு விளக்கு என்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரரோ மொத்தமாக டைல்ஸ் ஒட்டினால் போதும் என்கிறார். இதற்கிடையே தை மாதம் ஒரு ராஜபாளையம் பெட்டைக் குட்டி வாங்கினோம். வெள்ளச்சி என்று பெயர். இப்போது நான்கு மாதம். எதை நட்டாலும் பிடுங்கிப் போடுகிறது. சாரல் தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிடலாமா, குட்டி வளரும்வரை தள்ளிப்போடலாமா? திங்கட்கிழமை மேஸ்திரி வருகிறார்.

பதில்: வணக்கம் அம்மா. பாதியை இப்போது செய்யுங்கள், மீதியை அடுத்த சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எது இப்போது, எது அப்புறம் என்பதில்தான் உங்கள் பணம் தங்குவதும் கரைவதும் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கோட்டேஷனைப் பார்த்தேன். புல், கூழாங்கல், குளம், விளக்கு என்று நான்கு வரி. வேலிக்கு ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் எங்கே வடிய வேண்டும் என்றும் இல்லை. நான் கால்நடை மருத்துவன், தோட்டக்கலைஞன் இல்லை. ஆனால் புதிதாகத் தோட்டம் போட்ட வீடுகளிலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலி, வடிகால், நிழல், இந்த மூன்றையும் சாரலுக்கு முன்னால் முடியுங்கள். கண்ணுக்கு அழகானதெல்லாம் வெள்ளச்சிக்கு ஒன்றரை வயது நெருங்கும்போது. அதுவரை நீங்கள் எதை வைத்தாலும் அது வாயில் போட்டுப் பார்க்கும். பல் முளைக்கிற வயது, அதைக் குற்றம் சொல்ல முடியாது.

என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன் நானும் ஆசைப்பட்டுப் புல்தரை போட்டேன். அப்போது ஒரு கோம்பைக் குட்டி வைத்திருந்தோம். மூன்றே மாதத்தில் சுவரை ஒட்டி நாலு பக்கமும் ஒரு முழ அகலத்துக்குப் புல் தேய்ந்து, செம்மண் தெரிந்தது. தெருவில் யார் போனாலும் சுவரோடு சேர்ந்து கடைசிவரை ஓடி வழியனுப்பிவிட்டுத்தான் திரும்பும். மறுபடி புல் பதித்தேன், மறுபடி தேய்ந்தது. மூன்றாம் தடவை புத்தி வந்து, அது ஓடின தடத்திலேயே கல் பாவினேன். இன்றுவரை அந்தக் கல் அப்படியே கிடக்கிறது.

அதனால் மேஸ்திரி வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு காகிதத்தில் புறவாசலை வரைந்துகொண்டு, காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி திண்ணையில் உட்கார்ந்து குட்டியைக் கவனியுங்கள். எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தோண்டுகிறது, எந்த மூலையில் ஒன்றுக்கு இருக்கிறது, மதியம் எங்கே போய்ப் படுக்கிறது என்று நாலு நாள் பென்சிலால் குறித்தால் போதும். ஓடுகிற இடத்தில் கல், இருக்கிற மூலையில் மணல், படுக்கிற இடத்தில் நிழல். புனலூர்க்காரர் வரைந்த படத்தைவிட அந்தக் காகிதம் உங்களுக்கு உதவும். வரைகிறேன் என்று கோலப்பொடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், கோட்டை நக்கியே அழித்துவிடும்.

இப்போது வேலி. ராஜபாளையம் நாய் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். 2005-இல் நம் தபால் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. தபால்தலையில் அடக்கமாகத்தான் இருக்கும், வீட்டில் அப்படி இல்லை. வளர்ந்ததும் தோள் உயரமே இரண்டு அடியைத் தாண்டிவிடும். கீரியோ பூனையோ சுவருக்கு அந்தப் பக்கம் போனால் நாலரை அடியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. சுவர் மேல் இரும்புக் கம்பம் நட்டு வலை கட்டி, மொத்தம் ஆறடிக்குக் கொண்டுவாருங்கள். வலையின் மேல்பகுதி ஒரு சாண் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். சிலர் சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். திருடன் வருவானோ இல்லையோ, நாயின் பாதம் கிழிந்து தையல் போட நான் உட்கார வேண்டியிருக்கும்.

சுவரை ஒட்டித் துவைக்கிற கல் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கண் நின்றது. கல் இரண்டரை அடி உயரம் இருக்குமா? அப்படியானால் அந்த இடத்தில் உங்கள் சுவர் நாலரை அடி இல்லை, இரண்டு அடிதான். குட்டி இன்றைக்குக் கல்லின் மேல் முன்னங்காலை வைத்து எட்டிப் பார்க்கும். ஆடி மாதம் கல்லின் மேல் ஏறி நிற்கும். ஐப்பசியில் ரோட்டில் நிற்கும். சுவரை ஒட்டி அடுக்கிய செங்கல், கவிழ்த்து வைத்த அண்டா, தென்னை மட்டைக் குவியல் எல்லாமே இப்படிப் படிக்கட்டாகிவிடும். சுவரிலிருந்து ஆறடிக்குள் ஏறி நிற்கிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது.

மேலே தாண்டாவிட்டால் கீழே தோண்டும். பின் கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் அங்கே மண்ணுக்குள் ஒரு அடி ஆழத்துக்குப் பழைய கருங்கல்லைப் பதித்துவிடுங்கள். இதற்குத் தனிச் செலவு இல்லை, கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

கிணற்றின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவு இருந்தாலும் இரும்புக் கிராதி போட்டு மூடுங்கள். வாளி விடுவதற்கு மட்டும் ஒரு சின்னக் கதவு வைத்து, கொண்டி போட்டு வையுங்கள். காக்கையைத் துரத்தித் தாவுகிற குட்டிக்கு அந்தப் பக்கம் தரை இல்லை என்று தெரியாது.

அடுத்து அரளி. மாமியார் கையால் வைத்தது, மனசு வராதுதான். ஆனால் அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். காய்ந்த சருகிலும் விஷம் போகாது. மஞ்சள் அரளியும் அப்படித்தான், அதன் கொட்டை இன்னும் மோசம். பிடுங்கி எறிய வேண்டாம். வீட்டுக்கு முன்னால், கேட்டுக்கு வெளியே மாற்றி நட்டுவிடுங்கள். பதியன் போட்டாலும் வரும். பூஜைக்குப் பூவும் கிடைக்கும், குட்டியும் பிழைக்கும். வெட்டிய கிளைகளைப் புறவாசலில் குவித்துவைக்காமல் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். விறகாகவும் எரிக்காதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. அந்த இடத்தில் பிச்சி, மல்லிகை, செம்பருத்தி வையுங்கள். மூன்றும் நாய்க்குத் தொந்தரவு செய்யாதவை.

வேலியோரம் செங்காந்தள் தானாக முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், நம் பக்கம் மழைக்குப் பின் அது எங்கும் தலைகாட்டும். நம் மாநிலப் பூ, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு கொடிய விஷம், உங்கள் வீட்டிலோ தோண்டுவதையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு ஆள் இருக்கிறது. எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி எதுவும் புறவாசலில் வேண்டாம். நர்சரிக்காரர்கள் 'சைகஸ்' என்று குட்டை ஈச்சமரம் மாதிரி ஒன்றைத் தலையில் கட்டுவார்கள், புனலூர்க்காரரின் படத்திலும் குளத்தோரம் இரண்டு நிற்கிறது. அதன் கொட்டையைத் தின்ற நாய்க்கு ஈரல் போய்விடும். படத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

செடியைவிட எனக்குப் பயம் உரத்தில். சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டில் புதிதாக ரோஜா வைத்தார்கள். குழிக்குக் குழி ஒரு கை ஆமணக்குப் புண்ணாக்கு போட்டு மூடியிருக்கிறார்கள். ராத்திரி நாய் மூன்று குழியைத் தோண்டிவிட்டது. காலையில் வீட்டார் செடி போச்சே என்று நாயைத் திட்டிவிட்டு, மறுபடி மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். மத்தியானம் வாந்தி, சாயங்காலம் ரத்தமாகப் பேதி. மறுநாள் என்னிடம் கொண்டுவந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை. ஆமணக்கில் இருக்கும் அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது; குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தாங்குகிறதா என்று பார்த்திருப்பதுதான் வைத்தியம். அந்த நாய் தாங்கவில்லை. புண்ணாக்கின் வாசம் நாய்க்குப் பிடிக்கும் என்பதுதான் இதில் கொடுமை. எலும்புத்தூளும் அப்படியே இழுக்கும். உங்களுக்கு மட்கிய சாணியும் வேப்பம் புண்ணாக்கும் போதும். வேப்பம் புண்ணாக்கின் கசப்புக்கு நாய் பெரும்பாலும் கிட்டே வராது. நத்தைக்கு, எலிக்கு, கரையானுக்கு என்று யாராவது குருணை மருந்து கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

சரி, தரைக்கு வருவோம். இங்கே உங்கள் வீட்டில் இரண்டு கட்சி. உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற டைல்ஸ் கழுவ வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வழவழப்பான டைல்ஸில் வளர்கிற குட்டி வழுக்கி வழுக்கி ஓடினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. பெரிய இன நாய்க்கு எலும்பு முனைகள் மூடி உறுதிப்பட ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். போதாததற்கு, மொத்தமும் மூடிவிட்டால் மழைத்தண்ணீர் கிணற்றுக்கு எப்படி இறங்கும்? கல் பாவுவதாக இருந்தால் சொரசொரப்பாக, வெளிர் நிறமாக, ஓடுகிற தடத்துக்கு மட்டும், மூன்றடி அகலத்தில் போடுங்கள். கறுப்புக் கடப்பாக் கல் சித்திரை வெயிலில் தோசைக்கல்தான். மதியம் இரண்டு மணிக்குப் புறங்கையைக் கல்லில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. பிளாஸ்டிக் புல்லுக்கும் இதே பரிசோதனைதான். அதோடு மூத்திர நாற்றம் அதில் தங்கிவிடும்.

புல்லை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1956 நவம்பர் வரை செங்கோட்டையும் மலைக்கு அந்தப் பக்கமும் ஒரே ஆட்சியில் இருந்தன என்பதற்காக மழையும் ஒன்றாகிவிடாது. புனலூரில் கொட்டுகிற மழை வேறு, கணவாய் வழியே தப்பி வந்து நம்மை நனைக்கிற சாரல் வேறு. அங்கே தானாக வளர்கிற புல்லை இங்கே மாசி, பங்குனியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். அவர் எழுதியிருக்கிற பேர்ல் கிராஸ் நிழலில் பார்க்க நன்றாக இருக்கும், நாய் ஓடினால் தாங்காது. வெயில் படுகிற இடமாகப் பார்த்து 12-க்கு 10 அடிக்கு நம் அருகம்புல்லைப் பதியுங்கள். மிதி தாங்கும், கிழித்தாலும் ஓடிப் பரவி மூடிக்கொள்ளும். ஆனி மாதச் சாரலில் நட்டு, இரண்டு மாதம் சுற்றி வலை கட்டிக் குட்டியை உள்ளே விடாதீர்கள். அப்புறம் விட்டால் அதுவே நாலு புல் கடித்துத் தின்னும், தின்னட்டும்.

பெட்டை நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் மூத்திரம் விடுவதால் புல்லில் வட்ட வட்டமாக மஞ்சள் விழும். உரம் ஒரே இடத்தில் அதிகமானால் பயிர் கருகுமே, அதே கணக்குத்தான். உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். இதற்காகச் சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

வெள்ளைக் கூழாங்கல்லை அடியோடு மறந்துவிடுங்கள். குட்டி விழுங்கி, குடலில் அடைத்து, அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். மாங்கொட்டையும் இதேதான். வைகாசி வந்தால் மரத்தடியைக் காலையும் மாலையும் கூட்டிவிட வேண்டும். தேங்காய் நாரை உரித்து உரித்து விளையாடுவது நமக்கு வேடிக்கையாக இருக்கும். விழுங்க ஆரம்பித்தால் பிடுங்கிவிடுங்கள்.

தோண்டுவதை மட்டும் நிறுத்த முடியாது, இடம் ஒதுக்கிக் கொடுக்கத்தான் முடியும். மாமரத்தின் நிழல் ஓரத்தில் 5-க்கு 4 அடி, ஒன்றரை அடி ஆழம் வெட்டி, சலித்த தோட்ட மண்ணும் மணலும் கலந்து நிரப்புங்கள். எம்-சாண்டு வேண்டாம், கூராக இருக்கும், தூசியும் கண்ணில் போகும். முதல் வாரம் அதன் கண் முன்னாலேயே ஒரு பந்தைப் பாதி புதையுங்கள், மறுநாள் முழுக்கப் புதையுங்கள். வேறு இடத்தில் தோண்டினால் அதட்டாமல் தூக்கிக்கொண்டுவந்து இங்கே விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் பிடிபட்டுவிடும்.

கூடு வைக்கிற இடத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். தென்னை மரத்தடியில் வைக்காதீர்கள். காய் விழும், மட்டை விழும். மாமரத்தடியே நல்லது. கூட்டின் வாய் கிழக்கே பார்த்திருக்கட்டும். ஆடிக் காற்றும் சாரலும் மேற்கே கணவாயிலிருந்துதான் வருகின்றன. வாய் மேற்கே இருந்தால் இரண்டு மாதமும் குட்டி நனைந்த சாக்கின் மேல்தான் படுத்திருக்கும். தரையிலிருந்து அரை அடி தூக்கி வையுங்கள். உங்கள் ஊரில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், அதனால் சாயங்கால வெயில் பிரச்சினை இல்லை. பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் நிழல் வேண்டும். வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு உள்ள நாய்க்கு மூக்கின் மேல்தோல் வெயிலில் வெந்துபோகும்.

சேற்றுக்கு வடிகால்தான் வழி. வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு, மூன்று அங்குலம் சரிவு கொடுத்து, ஓரமாக ஒரு கால்வாய் எடுத்து, வாழை நாலு வைத்து அங்கே விட்டுவிடச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கினால் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும் மனிதருக்கும் வரும். போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் குளத்தை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். விளக்கு போடுவதானால் வயர் முழுக்கக் குழாய்க்குள், மண்ணுக்குள் போக வேண்டும். வெளியே தெரிகிற வயர் பல் முளைக்கிற குட்டிக்குக் கரும்பு மாதிரி.

சாரல் காலத்தில் தேரை வரும். குட்டி அதைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடி வந்தால் பதறாதீர்கள். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரை வாயின் பக்கவாட்டிலிருந்து முன்பக்கமாக விட்டு ஈறையும் நாக்கையும் கழுவுங்கள்; தொண்டைக்குள் போகக் கூடாது. கழுவிய பிறகும் தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். பாம்புக்கு எலிதான் அழைப்பிதழ். நாய்க்கு வைத்த சோறு மிச்சமானால் ராத்திரி வெளியே விட வேண்டாம், விறகை ஒரு அடி உயரத் தட்டின் மேல் அடுக்குங்கள். கடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கிற இடத்துக்குப் போங்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மலத்தைத் தினமும் அள்ளி, கிணற்றுக்கு எதிர்மூலையில் தனிக்குழியில் போடுங்கள். காய்கறி உரக்குழியில் சேர்க்க வேண்டாம். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மண்ணில் கிடந்து, வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே ஏறும். ஆறு மாத வயது வரை மாதம் ஒரு முறையும், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பூச்சி மருந்து கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. கூப்பிட்டால் திரும்புகிறதா வெள்ளச்சி? இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வீட்டில் வெகு நாள் வரை யாருக்கும் தெரியாது, அடம் பிடிக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தூங்கும்போது பின்பக்கமாக, காற்றோ நிழலோ படாமல், நாலடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். காது நிமிர்ந்தால் கவலை இல்லை. நிமிரவில்லை என்றால் ஆறடி வேலியும் இரட்டைக் கொண்டியும் உங்களுக்குக் கட்டாயம். ரோட்டுக்குப் போய்விட்டால் கூப்பிட்டுத் திருப்ப முடியாது.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்ததும் துவைக்கிற கல்லை முதலில் நகர்த்தச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவில் வைத்தால் துவைக்கிற தண்ணீரும் கால்வாயில் போய்விடும். பெயர்க்கும்போது குட்டியை வீட்டுக்குள் கட்டிவையுங்கள். வெகு நாள் அசையாத கல்லுக்கு அடியில் எது சுருண்டு கிடக்கும் என்று சொல்ல முடியாது.